அறுபதடிப் புத்தகம்

பிப்ரவரி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, ஹூஸ்டனுக்கு மேற்கே ஒரு பள்ளிக்கூட ஜிம்மில், எட்டுத் தகப்பன்மார் சேர்ந்து இருபத்தாறு பிள்ளைகளின் மூன்று மாத உழைப்பைப் பதினான்கே விநாடியில் கெடுத்தார்கள். எட்டுப் பேரும் எஞ்சினியர்கள். படிக்காத எட்டுப் பேரை விட்டிருந்தால் காரியம் நடந்திருக்கும்.

வெயிலில் மைதானத்தில் அணிவகுத்துப் போகிற பான்டுக்காரப் பிள்ளைகள் குளிர்காலத்தில் கூடைப்பந்துக் கூடத்துக்குள் வந்துவிட்டால் அதற்குப் பெயர் இன்டோர் டிரம்லைன். டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும், குதிக்க வேண்டும், செத்தவன் மாதிரி விழுந்து கிடக்க வேண்டும். விழுந்து கிடந்தபடியே தாளம் பிசகாமல் அடிக்கவும் வேண்டும். நடுவில் ஒரு கதையும் உண்டு. பார்க்கிறவர்களுக்குப் புரியாது, நடுவர்களுக்குப் புரிந்தால் போதும். ஒவ்வொரு குழுவும் தன் கதைக்கு ஏற்ற படத்தை அச்சடித்த பெரிய வைனல் பிளாஸ்டிக் விரிப்பைக் கொண்டுவந்து தரையில் விரித்து, அதன்மேல் ஆடிவிட்டு, மடித்துச் சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும். கோட்டைத் தாண்டி முதல் கால் உள்ளே வந்ததிலிருந்து கடைசிச் சக்கரம் வெளியே போகிற வரைக்கும் எட்டு நிமிடம். அதற்கு மேல் போனால், தொடங்கிய ஒவ்வொரு மூன்று விநாடிக்கும் புள்ளி ஒன்று வெட்டு. விரிப்பதும் மடிப்பதும் அப்பாக்கள் வேலை. ஹூஸ்டன் புறநகரான கேட்டியில் இந்தப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்து எட்டு அப்பாக்களில் ஆறு பேர் தமிழர்கள், இரண்டு பேர் தெலுங்கர்கள்.

போன வருஷத்து விரிப்பில் கடல் இருந்தது. கடல்மேல் ஷூ காலோடு ஓட யாருக்கும் ஒரு கூச்சமும் இல்லை. இந்த வருஷம் பான்டு டைரக்டர் யோசித்த கதைக்குப் பெயர் ‘கடைசி நூலகம்’. விரிப்பு வந்து இறங்கியது. அறுபதடிக்கு எண்பதடி. திறந்து வைத்த புத்தகம் ஒன்று, இடது பக்கம், வலது பக்கம், நடுவில் முதுகு. கறுப்பு எழுத்துகள் ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அளவு. ஏதோ பூச்சி வரிசை மாதிரி சும்மா கிறுக்கியிருந்தாலும் பரவாயில்லை. படித்தால் பொருள் வருகிற நிஜ வாக்கியங்கள்.

அதை விரித்த அன்றைக்கு எட்டுப் பேரும் குளிர்ந்த ஆற்றங்கரையில் நிற்கிறவர்கள் மாதிரி ஓரத்தில் நின்றார்கள். முதலில் ஷூவைக் கழற்றியவர் ராமசுப்ரமணியன். அப்பாக்கள் படைக்கு அவர்தான் தலைவர்; எண்ணெய்க் கம்பெனியில் விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்கிற உத்தியோகம். அவர் கழற்றியதும் மற்றவர்கள் கழற்றினார்கள். சரி, சாக்ஸோடு ஓடலாம் என்று காலை வைத்தால், எழுத்தின்மேல் கால் பட்ட மறு நொடி கை தானாகக் கீழே போகிறது, விரிப்பைத் தொடுகிறது, கண்ணில் ஒற்றிக்கொள்கிறது. பக்தி என்று சொல்ல முடியாது. கொட்டாவி மாதிரி ஒன்று. ஒருவர் ஒற்றினால் பக்கத்தில் இருப்பவருக்கும் வரும். போட்டியன்று ஓட்டத்தோடு ஓட்டமாக ஒற்றினார்கள், ஒற்றிக்கொண்டே மடித்தார்கள், மடித்து முடித்துவிட்டு ஷூவைத் தேடினார்கள். பதினான்கு விநாடி. புள்ளி ஐந்து போயிற்று. மூன்றாவது இடம் புள்ளி மூன்றில் நழுவியது.

குனியாத ஒரே ஆள் கோபாலசாமி. அதை அவனே நாலு பேரிடம் சொன்னான். அவன் தூத்துக்குடி உப்பளத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் பாத்தியில் உப்பு வாரினார்கள். லீவு நாளில் இவனும் வாரினான், சுமந்தான். இப்போது எண்ணெய்க் குழாயில் துரு ஏறாமல் காப்பாற்றுகிற எஞ்சினியர். பிறந்ததிலிருந்து உப்பைத் தின்றவனுக்கு உப்பு இரும்பைத் தின்பதைப் பார்ப்பது ஒரு வேலையா என்பான். விரிப்பை அவன் விரிப்பு என்று சொல்வதே இல்லை. தார்ப்பாய் என்பான். மழை வந்தால் உப்புக் குவியலை மூடுகிற சாமானுக்கு ஒப்பாக எட்டாயிரம் சொச்சம் டாலர் அயிட்டத்தைச் சொல்கிறானே என்று ராமசுப்ரமணியனுக்குக் கோபம்.

திரும்பிப் போகிற வழியில் காரில் அவன் மகள் வான்மதி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் பேஸ் டிரம் அடிக்கிறவள். ஐந்து பேஸ் டிரம்களில் நாலாவது, வயிற்றுக்கு முன்னால் ஒரு அண்டாவைக் கட்டிக்கொண்ட மாதிரி. பன்னிரண்டாம் வகுப்பு. நாலு வருஷமாக அடிக்கிறாள், ஏப்ரலில் நடக்கிற சாம்பியன்ஷிப்பில் ஒரு தடவைகூட ஃபைனல்ஸுக்குப் போனதில்லை. காலையில் ஆடுகிறவர்களில் பன்னிரண்டு குழுதான் சாயங்காலம் ஃபைனல்ஸ் ஆடும். போன வருஷம் இவர்கள் பதிமூன்றாவது. இந்த வருஷம் விட்டால் அவளுக்கு இன்னொரு வருஷம் கிடையாது. கார் வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அப்பா, இட்ஸ் வைனல்."

"நான் குனியலையே. நீ பாத்தியா? நான் வண்டியல்லா பிடிச்சிட்டு நின்னேன்."

அடுத்த தடவையும் அப்பாக்களால் லேட் ஆனால் தனக்காகப் பார்க்கிங் லாட்டில் காத்திருக்க வேண்டாம், வேறு யார் காரிலாவது வந்துகொள்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னாள். கோபத்தில் சொல்லவில்லை, டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை மாற்றுகிறவள் மாதிரி சொன்னாள். அதுதான் அவனுக்கு உள்ளே இறங்கியது.

டைரக்டரும் ஒரு மெயில் அனுப்பினார். மிக மரியாதையான மெயில். இன்னொரு தடவை வெட்டு விழுந்தால், மல்யுத்த டீம் பிள்ளைகளின் அப்பாக்கள் உதவத் தயாராக இருக்கிறார்கள் என்று கடைசி வரியில் இருந்தது.

ராமசுப்ரமணியன் ஞாயிற்றுக்கிழமையே வீடியோ மீட்டிங் போட்டார். பதினான்கு விநாடியையும் பிரித்துக் கலர் கலராக ஒரு சார்ட். 'காலணி சம்பந்தமான தாமதம்: ஒன்பது விநாடி. இதர கை அசைவுகள்: ஐந்து விநாடி.' இதர கை அசைவு என்றால் என்ன என்று கோபாலசாமி கேட்டான். அடுத்த ஸ்லைடில் வரும் என்றார். வரவில்லை. எட்டுப் பேருக்கும் அது என்னவென்று தெரியும். ஏழு பேர் தங்கள் கை அப்படிச் செய்யும் என்று ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை.

ராமசுப்ரமணியனின் மனைவி ப்ரியம்வதா கோயில் அர்ச்சகருக்கே போன் போட்டாள். அவர் நல்ல மனுஷர். ஒவ்வொரு தடவையும் ஒற்ற வேண்டாம், ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மொத்தமாக ஒரு நமஸ்காரம் பண்ணிடுங்கோ, சீசன் பூராவுக்கும் போதும் என்றுவிட்டார். மார்ச் மாதப் போட்டிக்கு முன்னால், வெளியே வண்டியில் மடித்து வைத்திருந்த விரிப்புக்கு எதிரே கோபாலசாமி தவிர ஏழு பேரும் தலை குனிந்து மொத்தக் கும்பிடு போட்டார்கள். பக்கத்தில் காத்துக்கொண்டிருந்த இன்னொரு பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார அப்பாக்கள் அதைப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். உள்ளே போய் எழுத்தில் கால் பட்டதும் கை பழையபடி கீழே போயிற்று. அர்ச்சகர் சொன்னது மூளை வரைக்கும்தான் போயிருந்தது. ஆறு விநாடி லேட், புள்ளி இரண்டு வெட்டு. அந்த வெட்டால் இடம் எதுவும் பறிபோகாததால் டைரக்டர் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார்.

அதற்கடுத்த வாரப் பயிற்சியில் கோபாலசாமி வாயைத் திறந்தான்.

"ராமு சார், தலையில சுமை இருக்கவன் எங்கயாவது சாமி கும்பிட்டுப் பாத்திருக்கீயளா?"

ராமசுப்ரமணியன் புரியாமல் பார்த்தார்.

"உப்புப் பெட்டியோட நடந்து போவோம். எதுக்க சப்பரம் வரும். கூட்டம் பூரா கன்னத்துல போடும். நாங்க பாட்டுக்கு நடந்துட்டே இருப்போம். ஒருத்தன் ஒண்ணும் சொல்ல மாட்டான். சாமியும் கேக்காது. கை காலியா இருக்கப் போயித்தான சார் கீழ போவுது. ரெண்டு கையிலயும் சுமையைக் குடுங்க."

ராமசுப்ரமணியன் அதை எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலமே கடையில் டிரக்குக்குக் கட்டுகிற பட்டை நாடா வாங்கிவந்து, விரிப்பின் ஓரமெங்கும் ஜோடி ஜோடியாக வளையம் தைத்தார்கள். இரண்டு மணிக்கட்டையும் வளையத்துக்குள் நுழைத்து இழுத்தால், மடித்து முடிகிற வரை கை வெளியே வராது. ஷூவைக் கழற்றுகிற கையும் அதுதான் என்பதால் ஷூவும் காலிலேயே இருந்தது. முதல் தடவையே ஏழு நிமிடம் ஐம்பது விநாடி. கை இழுபட, வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு, ஏழு எஞ்சினியர்கள் ஷூ காலோடு புத்தகத்தின்மேல் ஓடினார்கள். முனகலுக்கு வெட்டு கிடையாது. ராமசுப்ரமணியன் தன் சார்ட்டில் 'இதர கை அசைவுகள்: பூஜ்யம்' என்று போட்டார்.

கோபாலசாமி வண்டிப் பக்கம் நின்றுகொண்டு சிரித்தான். அவன் எப்போதும் வண்டிப் பக்கம்தான். மடித்து வருவதை வாங்கி அடுக்குகிற வேலை; பாரம் அதிகம், உங்களுக்குத் தோள் பத்தாது என்று போன வருஷமே எடுத்துக்கொண்டது. இந்த வருஷம் விரிப்புக்கு உள்ளே ஒரு அடிகூட அவன் வைத்ததில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவனே கவனித்தது ஏப்ரல் மாதத்தில், சாம்பியன்ஷிப்புக்கு இரண்டு நாள் முன்னால்.

நடுக்கயிறு இழுக்கிற சபரியை வேலை செய்கிற இடத்திலிருந்து லூசியானாவுக்கு அனுப்பிவிட்டார்கள். விரிப்பு இரண்டு துண்டு. நடுவில் புத்தகத்தின் முதுகு நெடுக ஒட்டும் பட்டை வைத்துச் சேர்த்தது. ஆட்டம் முடிந்ததும் ஒருவன் பட்டையின் நுனியில் உள்ள கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்கோட்டிலிருந்து முன்கோடு வரை அறுபதடி ஓட வேண்டும். பட்டை பர்ரென்று பிரிந்தால்தான் மற்றவர்கள் இரண்டு பக்கத்தையும் தனித்தனியே மடிக்க முடியும். குனியாத ஆள் நீங்கள் ஒருத்தர்தான், நடுக்கயிறு உங்களுக்கு என்றார் ராமசுப்ரமணியன். வண்டிக்குத் தன் மச்சினனைக் கூட்டிவருவதாகவும் சொன்னார்.

அன்றைக்கு வேலை முடிந்து வந்து கராஜ் கதவை இறக்கிவிட்டு, வான்மதி எழுதித் தூக்கிப் போட்ட எஸ்.ஏ.டி. பரீட்சைப் புத்தகம் ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தான் கோபாலசாமி. ஷூ போட்டிருந்தான். காலைத் தூக்கினான். கால் இறங்கவில்லை. புத்தகத்துக்கு நாலு விரல்கடை மேலே நின்றது. இடது காலால் பார்த்தான். அதுவும் நின்றது. ஆளில்லாத கராஜில் வாஷிங் மெஷினைப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி நின்றான்.

சரஸ்வதி கோபித்துக்கொள்வாள் என்றெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. அவன் அம்மாவுக்கு எழுத்து தெரியாது, சரஸ்வதியோடு பெரிய பழக்கமும் இல்லை. பாத்தியிலிருந்து ஏறிவந்த காலோடு அவன் கணக்குப் புத்தகத்தை மிதித்தபோது உப்பு வாருகிற பலகையாலேயே முழங்காலில் ஒன்று போட்டாள். கால்ல இருக்க உப்புத்தண்ணி பட்டா எழுத்து ஊறிப் போயிரும், எழுத்து போச்சுன்னா இந்தா இந்தப் பலகைதான் என்றாள். அவ்வளவுதான் அவர்கள் வீட்டு வேதம். முழங்காலுக்கு அது இன்னும் ஞாபகம் இருந்தது.

மரகதம் துவைக்கிற துணியோடு உள்ளே வந்தவள் புருஷன் நிற்கிற கோலத்தைப் பார்த்தாள். கீழே கிடந்த புத்தகத்தையும் பார்த்தாள்.

"ஊர்க்காரங்களைப் பூரா கேலி பண்ணுனீயளே."

"கையின்னா கட்டிப்போடலாம். இது கால்லா."

"நாளன்னைக்கு அந்தப் பிள்ளை முகத்துல எப்படி முழிக்கப் போறீய?"

அவன் காலைப் புத்தகத்துக்கு வெளியே ஊன்றினான். அவள் புத்தகத்தை எடுத்து, கண்ணில் ஒற்றி, ஷெல்ஃபில் வைத்துவிட்டுத் துணியை மெஷினில் போட்டாள்.

ராமசுப்ரமணியனிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை போனை எடுத்தான். இரண்டு மாதமாக ஆடின ஆட்டம் போனை எடுக்க விட்டது, நம்பரை அழுத்த விடவில்லை. ஓட்டத்தில் கால் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கோழைகள் எல்லோரும் சொல்வதுதான்.

சாம்பியன்ஷிப் ஒரு பெரிய அரங்கத்தில். காலை பத்து நாற்பதுக்கு இவர்கள் முறை. பிள்ளைகள் நன்றாகவே ஆடினார்கள். கதையில், நூலகம் எரிகிறது, பிள்ளைகள் புத்தகங்களைக் காப்பாற்றுகிறார்கள். அதற்காக, ஏதோ ஒரு நூலகத்தில் கழித்துப் போட்ட நிஜப் புத்தகங்களை இரண்டு மரப்பெட்டியில் நிரப்பி வைத்திருந்தார்கள். வான்மதியின் டிரம் கடைசி அடியை அடித்தது. கைதட்டல். கடிகாரம் ஆறு நிமிடம் ஐம்பத்தைந்தைக் காட்டியது. மற்ற ஆறு பேரும் ஓடிப்போய் வளையத்தில் கையை நுழைத்தார்கள். கோபாலசாமி பின்கோட்டில் நின்று கயிற்றை எடுத்தான்.

எதிரே புத்தகத்தின் முதுகு, இரண்டு பக்கமும் எழுத்து. வலது கால் தூக்கினது தூக்கினபடி நின்றது.

ஒரு விநாடி. இரண்டு. பிள்ளைகள் வாத்தியங்களை உருட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அண்டாவைச் சுமந்தபடி வான்மதி திரும்பிப் பார்த்தாள். அப்பா ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வரவில்லை. இவருமா என்கிற மாதிரி ஒன்று வந்தது.

"கோபால், கயிறு," என்றார் ராமசுப்ரமணியன், இரண்டு கையும் கட்டுண்டு. ஐந்து. ஆறு.

பின்கோட்டின் ஓரத்தில் மரப்பெட்டிகளில் ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பெரிய ஜால்ரா மாதிரி சிம்பல் அடிக்கிற பையன் எடுக்க வேண்டியது, மறந்துவிட்டான். இருபது கிலோவுக்குக் குறையாது. கோபாலசாமி யோசித்துச் செய்தானா என்று பிறகு பலரும் கேட்டார்கள். யோசிக்கிற ஆளாக இருந்தால் கராஜிலேயே யோசித்திருப்பான். குனிந்து, பெட்டியை முழங்காலில் ஏற்றி, மார்பில் ஏற்றி, ஒரு உந்தில் தலையில் வைத்தான். கழுத்து எலும்பு ஒன்று சத்தம் போட்டது. இடது கை பெட்டியைப் பிடித்தது, வலது கையில் கயிறு. பாரம் தலையில் உட்கார்ந்ததும் கால் இரண்டும் பழைய முதலாளி கூப்பிட்ட மாதிரி கிளம்பிவிட்டன.

உப்பளத்து ஓட்டம் அழகான ஓட்டம் இல்லை. முழங்காலை மடக்காமல், இடுப்பை ஆட்டி, வாத்து மாதிரி ஓட வேண்டும். தலை மட்டும் ஆடக்கூடாது. அப்படியே அறுபதடியும் ஓடினான். பின்னால் பட்டை பர்ரென்று பிரிந்துகொண்டே வந்தது. கீழே என்னென்ன எழுத்தை மிதித்தான் என்று அவனுக்குத் தெரியாது. சுமை இருக்கிறவன் கீழே பார்க்க மாட்டான். மேல்வரிசையில் யாரோ கைதட்டினார்கள், அது பரவியது. மூவாயிரம் பேர், எரிந்த நூலகத்தின் கடைசிப் புத்தகங்களை ஒரு கிழவன் சுமந்துபோகிறான் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். அவனுக்கு நாற்பத்தொன்பதுதான்.

கடைசிச் சக்கரம் வாசலைத் தாண்டியபோது ஏழு நிமிடம் ஐம்பத்தெட்டு.

பகல் ஒரு மணிக்கு முடிவு வந்தது. பன்னிரண்டாவது இடம். பதிமூன்றாவது குழுவுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் புள்ளி ஒன்று ஐந்து. ஆறு விநாடி லேட் ஆகியிருந்தால் கதை முடிந்திருக்கும். ராமசுப்ரமணியன் அதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டு, சார்ட்டில் புதிதாக ஒரு வரி சேர்த்தார்: 'கோபால்: தலைச்சுமை.' அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. பெரிய மனுஷர்.

டைரக்டர் ஓடிவந்தார். ஆட்டம் முடிந்த பிறகு நடந்ததற்கு மதிப்பெண் கிடையாது, ஆனாலும் நடுவர்களில் இரண்டு பேர் அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றித்தான் பேசுகிறார்கள், சாயங்காலமும் தயவுசெய்து அப்படியே செய்ய வேண்டும் என்றார். கழுத்து வலிக்குமே என்று கவலைப்பட்டுப் பெட்டியைக் காலி பண்ணித் தருவதாகவும் சொன்னார். கோபாலசாமி அவசரமாக வேண்டாம் என்றான். காலிப் பெட்டியோடு என்னால் ஓட முடியாது என்று இங்கிலீஷில் சொன்னான். அந்த மனிதர் அதை ஏதோ பெரிய கலைக் கொள்கை என்று எடுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் இவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சாயங்காலம் அரங்கத்துக்கு வெளியே, மூடிய கதவுக்கு முன்னால் வரிசை நின்றது. கோபாலசாமி பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். மரகதம் பூசிவிட்ட தைலம் பத்தடிக்கு நாறியது. வான்மதி டிரம்மைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"யூ கான்ட் ஸ்டெப் ஆன் இட் ஐதர்," என்றாள்.

"இல்ல."

"ஹோல் சீசன் அங்கிள்ஸை ஓட்டினீங்க."

"ஆமா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பெட்டி நிஜமாகவே நிறைந்திருக்கிறதா என்று பார்க்க, ஷூ நுனியால் அதை ஒரு தட்டுத் தட்டினாள். பெட்டி அசையவில்லை. மேலே இருந்த ஒரு தடிப் புத்தகம் மட்டும் சரிந்து அவள் ஷூமேல் விழுந்தது.

உடனே அவள் வலது கை சடக்கென்று கீழே கிளம்பியது. பாதி வழியில் டிரம் தடுத்தது. அந்த அண்டாவைக் கட்டிக்கொண்டு யாராலும் குனிய முடியாது. கை காற்றில் நின்றது.

"ஷட் அப்," என்றாள் வான்மதி.

அவன் வாயே திறந்திருக்கவில்லை. குனிந்து புத்தகத்தை எடுத்துப் பெட்டியில் வைத்தான். கதவைத் திறந்தார்கள்.